களஞ்சியமாகப் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் சர்வசாதாரணமாக வழங்கும் சொற்களுள் ‘மகசின்’ என்பதும் ஒன்று. நாம் சஞ்சிகை என்பதை ஆங்கிலேயர் அவ்வாறு அழைக்கின்றனர். ஆனால் அச்சொல் அவர்களது மண்ணில் பிறந்ததல்ல. அதன் தாயகம் அறபு மொழி.

அறபில் ‘கஸன’ என்றால் சேமித்து வைத்தான் என்பது பொருள். சேமித்து வைக்கும் இடம் ‘மக்ஸன்’. அதன் பன்மை ‘மகாஸின்’. நமது பேச்சில் வழங்கும் ‘கஜானா’வும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். ஸூரத்து யூஸுபில், களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு யூஸுப் நபி கேட்குமிடத்தில் வரும் ‘கஸாஇன்’ என்ற சொல்லும் அவ்வேரைச் சேர்ந்ததே.

மத்திய தரைக்கடல் வணிகத்தோடு இச்சொல்லும் கப்பலேறியது. ஸ்பானியர் ‘அல்’ என்ற முன்னொட்டையும் விடாது ‘அல்மஸேன்’ என்றனர். இத்தாலியர் ‘மகட்ஸீனோ’ என்றனர். பிரெஞ்சில் ‘மகஸான்’ ஆகி, இன்று கடையைக் குறிக்கிறது.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துள் நுழைந்தபோது பண்டகசாலை என்பதே அதன் பொருள். பின்னர் வெடிமருந்துக் கிடங்கையும் சுட்டியது. 19ஆம் நூற்றாண்டில் தொடர்ந்து சுடும் துவக்குகள் வந்தபோது, ரவைகளை அடுக்கும் கூட்டுக்கும் அப்பெயரே வாய்த்தது.

இதற்கிடையில் எழுத்துலகமும் இச்சொல்லை எடுத்துக்கொண்டது. 1731 ஜனவரியில் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் ‘ஜென்டில்மன்ஸ் மகசின்’ என்ற மாத வெளியீட்டைத் தொடங்கினார். பல பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தவற்றுள் தேர்ந்தவற்றை ஓரிடத்தில் திரட்டித் தருவது அவரது நோக்கம். களஞ்சியம் என்ற பெயர் அதற்குப் பொருந்தியது. அவ்வேட்டில் எழுதிவந்த சாமுவேல் ஜோன்சன், 1755இல் வெளியான தமது அகராதியில் இப்புதுப் பொருளையும் சேர்த்தார்.

தமிழும் இவ்வழியில் நடந்துள்ளது. நெல்லைச் சேமிக்கும் களஞ்சியம், 1954இல் முதல் தொகுதி வெளிவந்த ‘கலைக்களஞ்சிய’த்தில் அறிவைச் சேமிக்கும் இடமாயிற்று.

1901இல் லாகூரில் ஷேக் அப்துல் காதிர் தொடங்கிய உருது இலக்கிய ஏட்டின் பெயர் ‘மக்ஸன்’. அல்லாமா இக்பாலின் ‘ஹிமாலா’ கவிதை வெளிவந்தது அதன் முதல் இதழில்தான். மேற்கே போன சொல் புதுப்பொருளோடு கிழக்கே மீண்டது. அறபிகளோ இன்று சஞ்சிகையை ‘மஜல்லா’ என்றே அழைக்கின்றனர்.

யுத்த காலத்தில் கிழக்கிலே வளர்ந்த என் போன்றோர் ‘மகசின்’ என்பதைத் துவக்கோடு சேர்த்தே முதலில் அறிந்தோம். வாசிகசாலை மேசையில் கண்ட பொருள் பின்னர்தான் வந்தது. 2009இல் யுத்தம் முடிந்தது. ஆயினும் இன்று என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் கைத்தொலைபேசி விளையாட்டுகள் அந்தப் பொருளைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கின்றன. மற்றப் பொருளைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

அதற்கு நம் கையில் சஞ்சிகைகள் இருக்க வேண்டுமே! 1882இல் சித்திலெவ்வை ‘முஸ்லிம் நேச’னைத் தொடங்கிய காலம் முதல் நம்மவர் நடத்திய ஏடுகள் பல. ஆனால் வீடுகளிலும் வாசிகசாலைகளிலும் பழைய இதழ்களைக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சேமித்தல் என்பதே இச்சொல்லின் வேர்ப்பொருள். அச்சிட்டு விநியோகிப்பதோடு நமது கடமை முடிந்துவிடாது. ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் அலுமாரியையாவது பழைய சஞ்சிகைகளுக்கென ஒதுக்குவோமானால், பிள்ளைகள் அச்சொல்லின் நல்ல பொருளைக் கையால் தொட்டே அறிந்துகொள்வர்.