ரெயில், விமான டிக்கெட்டுக்கு கிரெடிட் கார்டு: புள்ளியைப் பார்த்து மயங்காதீங்க.. கணக்கு போட்டு வாங்குங்க!

சென்னை,

தீபாவளி, பொங்கல் வந்தால் ஊருக்கு டிக்கெட் போடுகிற அவசரம் ஒரு பக்கம். அந்த நேரம் பார்த்து, "சார், இந்த கார்டு வாங்குங்க.. ரெயில் டிக்கெட்டுக்கு 10 சதவீதம் திரும்ப வரும், ஏர்போர்ட்டுல சாப்பாடு ப்ரீ" என்று போன் மேல் போன் வரும். பெட்ரோல் பங்க், ஷாப்பிங் மால் வாசலில் மேஜை போட்டு ஆள் பிடிப்பதும் நடக்கிறது.

பயணச் சலுகை கார்டுகளால் லாபம் பார்ப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த லாபம் எல்லோருக்கும் கிடைப்பது இல்லை. எந்த வகுப்பில் போகிறோம், வருடத்துக்கு எத்தனை தடவை போகிறோம், மாத பில்லை முழுசாக கட்ட முடியுமா? இந்த 3 கேள்விக்கும் பதில் தெரிந்தால், எந்த கார்டு வேண்டும், அல்லது கார்டே வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

3 வகை கார்டுகள்

பயணச் சலுகை கார்டுகள் பொதுவாக 3 வகை. முதல் வகை, ரெயில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனமும் வங்கியும் சேர்ந்து கொடுக்கும் கார்டு. ஸ்டேட் வங்கியின் கார்டு நிறுவனம் நீண்ட காலமாக இதை கொடுத்து வருகிறது. 2020-ல் இதில் ரூபே கார்டும் வந்தது. பாங்க் ஆப் பரோடாவின் கார்டு 2022-லும், எச்.டி.எப்.சி. வங்கியின் கார்டு 2023-லும் அறிமுகம் ஆனது.

இரண்டாவது வகை, ஒரு விமான கம்பெனியின் பெயரில் வருவது. அந்த கம்பெனி டிக்கெட்டுக்கு புள்ளிகள் சேரும். மூன்றாவது வகையில் மளிகை, துணிமணி என எதை வாங்கினாலும் புள்ளி சேரும். அதை டிக்கெட்டாகவோ ஓட்டல் அறையாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்லீப்பரா? ஏ.சி.யா?

ரெயில் கார்டு விளம்பரத்தில் 10 சதவீதம் வரை திரும்ப வரும் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அதற்கு கீழே பொடி எழுத்தில் இருப்பதைத்தான் பலரும் படிப்பது இல்லை. அந்தக் கூடுதல் புள்ளி முதல் வகுப்பு ஏ.சி., 2-ம் வகுப்பு ஏ.சி., 3-ம் வகுப்பு ஏ.சி., சேர் கார் போன்ற டிக்கெட்டுகளுக்குத்தான். அதுவும் ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் எடுத்தால்தான்.

ஸ்லீப்பரில் போகிற குடும்பத்துக்கு அந்த 10 சதவீதம் கிடையாது. மற்ற செலவுக்கு கிடைக்கிற சாதாரண புள்ளிதான் சேரும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். ஒரு குடும்பம் ஊருக்கு போய் வர 2 டிக்கெட்டாக மொத்தம் ரூ.4 ஆயிரத்துக்கு ஸ்லீப்பர் டிக்கெட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கிரெடிட் கார்டில் ரூ.100-க்கு ரூ.1 வீதம் புள்ளி கிடைத்தால் ரூ.40 லாபம். ஆனால் கிரெடிட் கார்டில் கட்டினால் 1 சதவீதம் வரை பரிமாற்ற கட்டணம் பிடிப்பார்கள். அதுவும் ரூ.40. வந்தது வந்த வழியே போய்விடும்.

இது போதாது என்று ஐ.ஆர்.சி.டி.சி.யின் வசதிக் கட்டணமும் உண்டு. ஏ.சி. இல்லாத டிக்கெட்டுக்கு கார்டில் கட்டினால் ரூ.15, யு.பி.ஐ.யில் கட்டினால் ரூ.10. ஏ.சி. டிக்கெட்டுக்கு கார்டில் ரூ.30, யு.பி.ஐ.யில் ரூ.20. இதற்கு மேல் ஜி.எஸ்.டி. தனி. டிக்கெட்டை ரத்து செய்தால் இந்த வசதிக் கட்டணம் திரும்ப வராது. சேர்ந்த புள்ளியையும் வங்கி எடுத்துக்கொள்ளும்.

எனவே ஸ்லீப்பரில் மட்டும் போகிறவர்களுக்கு யு.பி.ஐ.யே சிக்கனம். வருடத்துக்கு 2, 3 தடவை குடும்பத்தோடு ஏ.சி.யில் போகிறவர்கள் என்றால் ரெயில் கார்டை யோசிக்கலாம். இந்த கார்டுகளில் 1 சதவீத பரிமாற்ற கட்டணத்தை தள்ளுபடி செய்யும் சலுகையும் இருக்கிறது.

ஆண்டுக் கட்டணம் எவ்வளவு?

ஒரு கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் ரூ.500 என்றால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.590 ஆகும். ரூ.100-க்கு ரூ.1 புள்ளி தரும் கார்டு என்றால், இந்த ரூ.590-ஐ திரும்ப எடுக்கவே ரூ.59 ஆயிரத்துக்கு செலவு செய்ய வேண்டும். 10 சதவீதம் தரும் ஏ.சி. டிக்கெட் என்றால் ரூ.5 ஆயிரத்து 900-க்கு டிக்கெட் எடுத்தாலே போட்ட காசு வந்துவிடும். அதற்கு மேல் வருவதுதான் லாபம்.

"முதல் வருஷம் ப்ரீ" என்று சொன்னால் 2-வது வருடம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். இவ்வளவு செலவு செய்தால் ஆண்டுக் கட்டணம் கிடையாது என்ற நிபந்தனை பல கார்டுகளில் உண்டு. அந்த தொகையை எட்டுவதற்காக தேவை இல்லாததை எல்லாம் வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

ஒரு புள்ளிக்கு எத்தனை காசு?

"5 ஆயிரம் புள்ளி போனஸ்" என்றதும் ரூ.5 ஆயிரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கார்டில் 1 புள்ளி ரூ.1 ஆக இருக்கும். இன்னொன்றில் 25 காசு ஆக இருக்கும். அப்படி என்றால் 5 ஆயிரம் புள்ளியின் மதிப்பு ரூ.1,250 தான்.

புள்ளிகளுக்கு காலாவதி தேதியும் உண்டு. அதை மாற்றுவதற்கு தனியாக கட்டணம் வாங்கும் வங்கிகளும் இருக்கின்றன. பெட்ரோல், வாடகை போன்ற செலவுக்கு பல கார்டுகளில் புள்ளியே கிடையாது. வங்கியின் சொந்த இணையதளத்தில் டிக்கெட் எடுத்தால்தான் அதிக புள்ளி என்று நிபந்தனை இருந்தால், அதே டிக்கெட் வெளியில் என்ன விலை என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரே விமான கம்பெனியை நம்பி புள்ளி சேர்ப்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஜெட் ஏர்வேஸ் 2019-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந்தேதியோடு பறப்பதை நிறுத்தியது. விஸ்தாரா 2024-ம் ஆண்டு நவம்பர் 12-ந்தேதி ஏர் இந்தியாவுடன் இணைந்துவிட்டது. கம்பெனி மாறினால் கார்டின் சலுகையும் மாறிவிடும். அதனால் புள்ளியை வருடக்கணக்கில் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது பயன்படுத்திவிடுவதே புத்திசாலித்தனம்.

ஏர்போர்ட் சாப்பாடு ப்ரீயா?

விமான நிலைய ஓய்வறை சலுகை என்பதுதான் பலரை இழுக்கிறது. முன்பு கார்டை காட்டினால் போதும். இப்போது பல வங்கிகள், அதற்கு முந்தைய 3 மாதத்தில் குறிப்பிட்ட தொகை செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுகின்றன. 2 வருடத்துக்கு ஒரு தடவை விமானம் ஏறுகிறவர்கள் இதற்காக ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியது இல்லை.

இலவச விபத்து காப்பீடும் அப்படித்தான். ஐ.ஆர்.சி.டி.சி.யில் டிக்கெட் எடுக்கும்போதே, ஒரு ஆளுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவான கட்டணத்தில் பயண காப்பீடு எடுத்துக்கொள்ள முடியும் என்பது குறிப்பிடத்தக்கது.

வெளிநாடு போகிறவர்கள் கவனத்துக்கு..

சிங்கப்பூர், மலேசியா, துபாய், இலங்கை போகிறவர்கள் பார்க்க வேண்டியது அன்னிய செலாவணி கட்டணம். பல கார்டுகளில் இது 3.5 சதவீதம். ரூ.50 ஆயிரத்துக்கு பொருள் வாங்கினால் ரூ.1,750. ஜி.எஸ்.டி. ரூ.315. மொத்தம் ரூ.2,065 கூடுதலாக போகும். கிடைக்கிற புள்ளி இதில் பாதிக்குக்கூட வராது. இந்த கட்டணம் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. வெளிநாட்டு பயணத்துக்கு கார்டு தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அங்குள்ள கடையில் கார்டை தேய்க்கும்போது, "ரூபாயில் கட்டுகிறீர்களா?" என்று மெஷின் கேட்கும். அந்த நாட்டு பணத்திலேயே கட்டுவதாக சொல்ல வேண்டும். ரூபாய் என்று சொன்னால் அவர்கள் வைப்பதுதான் மாற்று விலை.

வட்டி: எல்லா லாபத்தையும் விழுங்கும்

ஒரு மாதம் பில் கட்டாமல் விட்டால் புள்ளிக் கணக்கு அத்தனையும் தலைகீழாகிவிடும். பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 முதல் 3.75 சதவீதம். அதாவது வருடத்துக்கு 42 முதல் 45 சதவீதம்.

30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் உத்தரவிட்டது. அந்த உத்தரவை சுப்ரீம் கோர்ட்டு 2024-ம் ஆண்டு டிசம்பர் 20-ந்தேதி ரத்து செய்துவிட்டது.

ரூ.20 ஆயிரம் பாக்கி வைத்தால், 3.75 சதவீத கணக்கில் ஒரு மாத வட்டி ரூ.750. ஜி.எஸ்.டி. ரூ.135. மொத்தம் ரூ.885. அந்த ரூ.20 ஆயிரம் செலவுக்கு 1 சதவீத கணக்கில் கிடைத்த புள்ளி ரூ.200 தான். ஒரு மாத வட்டி, 4 மாத புள்ளியை தின்றுவிடுகிறது.

"மினிமம் கட்டினா போதும்" என்று சொல்வதும் ஆபத்து. ரூ.20 ஆயிரத்துக்கு 5 சதவீதம் என்றால் ரூ.1,000 கட்டச் சொல்வார்கள். அதில் ரூ.885 வட்டிக்கும் வரிக்கும் போக, கடன் குறைவது சுமார் ரூ.115 மட்டுமே. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டு போட்டு பணம் எடுத்தாலும் எடுத்த நாளில் இருந்தே வட்டிதான். அதற்கு கட்டணமும் தனியாக உண்டு.

மாதா மாதம் பில்லை முழுசாக கட்ட முடியாது என்று தோன்றினால், எவ்வளவு நல்ல சலுகையாக இருந்தாலும் இந்த கார்டு வேண்டவே வேண்டாம்.

சம்பள ரசீது இல்லாதவர்கள்

ஆட்டோ ஓட்டுபவர்கள், சிறு கடைக்காரர்களிடம் சம்பள ரசீது இருக்காது. இவர்கள் வங்கியில் பிக்சட் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கலாம். டெபாசிட்டுக்கு வட்டி கிடைக்கும். ஒழுங்காக கட்டினால் சிபில் மதிப்பெண்ணும் ஏறும். பாக்கி வைத்தால் அந்த டெபாசிட்டில் இருந்து வங்கி பணத்தை எடுத்துக்கொள்ளும்.

கேட்காமலே கார்டு வந்தால்?

ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட விதிகளின்படி, கேட்காதவர்களுக்கு கார்டு கொடுக்கக் கூடாது. கொடுத்து பில் போட்டால், அந்த கட்டணத்தை திருப்பித் தருவதோடு அதைப்போல 2 மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும்.

பாக்கி இல்லாத கார்டை ரத்து செய்யச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் செய்ய வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.500 வீதம் வாடிக்கையாளருக்கு கொடுக்க வேண்டும். கடைசி தேதி முடிந்து 3 நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போட முடியும்.

வங்கியிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

"உங்க புள்ளி இன்னைக்கே காலாவதி ஆகுது, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் அது மோசடி. உடனே போனை துண்டித்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் வங்கிக்கு சொல்லி கார்டை முடக்குவதோடு, 1930 என்ற சைபர் கிரைம் எண்ணிலும் புகார் கொடுக்க வேண்டும்.