யப்பானின் கஞ்சாச் சட்டமும் சாமானிய மக்களும்

ஒரு சட்டத்தின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் வாசகத்தை மட்டும் படித்தாற் போதாது. அதனை எழுதுவித்தவர் யார், அதன் சுமையைத் தாங்கியவர் யார் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். போதைப்பொருள் விடயத்திலே மிகக் கண்டிப்பான நாடுகளுள் ஒன்று யப்பான். அந்நாட்டுக் கஞ்சாச் சட்டத்தின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

கஞ்சா என்றதும் நமக்குப் புகையும் மயக்கமுமே நினைவுக்கு வருகின்றன. யப்பானியக் கமக்காரனுக்கோ அது முதற்கண் ஒரு நார்ப்பயிர். 'அசா' என்பது அதன் பெயர். நாம் சணல் என வழங்குவது வேறு செடி என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். வரலாற்றுக்கு முற்பட்ட யோமோன் காலத்து வாழிடங்களிலேயே இச்செடியின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பருத்தி பரவுமுன் சாதாரண மக்கள் உடுத்தது இந்நாரால் நெய்த துணியே. கயிறும் மீன்வலையும் இதனாலேயே திரிக்கப்பட்டன. குழந்தை செழித்து வளரவேண்டுமென அதன் ஆடையில் அசா இலைக் கோலத்தைத் தாய்மார் பொறித்தனர். இதன் விதை, சிச்சிமி என்னும் ஏழுவகைச் சரக்குத்தூளில் இன்றும் சேர்க்கப்படுகின்றது. இசே பெருங்கோயிலின் பெயரால் வீடுதோறும் வழங்கப்படும் காப்புச்சீட்டுக்குத் 'தைமா' என்று பெயர். சட்டநூலிலே கஞ்சாவைக் குறிக்கும் சொல்லும் அதுவே, எழுத்துகளும் அவையே. 1886இல் வெளியான முதலாவது அரச மருந்து நூலில் இந்தியக் கஞ்சா மருந்தாகவும் இடம்பெற்றிருந்தது.

1925ஆம் ஆண்டின் ஜெனீவா அபின் உடன்படிக்கையைப் பின்பற்றி 1930இல் யப்பான் விதிகள் செய்தபோது, கட்டுப்பாடு இந்தியக் கஞ்சாவின்மேலேயே விழுந்தது. உள்நாட்டுக் கமக்காரனின் வயலை எவரும் தீண்டவில்லை. தோல்வியும் அந்நிய இராணுவ ஆட்சியும் வந்தபின்னரே நிலைமை மாறிற்று. 1945 ஒக்டோபர் 12ஆந் திகதி, நேச நாடுகளின் தலைமைப் பணிமனை விடுத்த கட்டளை கஞ்சாவைப் போதைப்பொருட்களோடு சேர்த்துப் பயிரிடுதலைத் தடைசெய்தது. நாரின்றி வாழ இயலாத நாடு அது. வலைக்கும் கயிற்றுக்கும் வேறு வழியில்லை. எனவே 1947இல் குறித்த சில இடங்களிற் பயிரிட இடமளிக்கப்பட்டது. 1948 யூலை 10ஆந் திகதி கஞ்சாக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளியாயிற்று. மாவட்ட ஆளுநரின் அனுமதிப்பத்திரம் இன்றி இனி எவரும் இதைப் பயிரிடலாகாது.

இச்சட்டம் செடியை இரண்டாகப் பிரித்தது. இலையும் பூவும் குற்றம். முற்றிய தண்டும் விதையும் குற்றமல்ல. 1937இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய மரிஜுவானா வரிச்சட்டமும் முற்றிய தண்டை இவ்வாறே விலக்கியிருந்தது. மயக்கந்தரும் சத்து எதுவென அன்று விஞ்ஞானம் திட்டமாக அறிந்திருக்கவில்லை. அச்சத்தை, அதாவது ரி.எச்.சி.யை, கயோனி, மெக்கூலம் என்னும் இஸ்ரவேல் நாட்டு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கியது 1964இலேயே. எனவே 1948இல் உறுப்பு நோக்கிக் கோடு கீறியதைக் குறைகூற முடியாது. சத்து எதுவெனத் தெரிந்த பின்னரும் அறுபது ஆண்டுகள் அதே கோட்டைக் காத்துநின்றதே குறைகூறத்தக்கது.

அக்காலத்தில் வயலுக்கு நேர்ந்ததை எண்களே கூறும். 1954இல் அனுமதிபெற்ற கமக்காரர் 37,313 பேர். 2021இல் 27 பேர். வீழ்ச்சி முழுவதையும் சட்டத்தின் தலையிற் சுமத்துதல் நேர்மையன்று. செயற்கை நாரும் இறக்குமதி நாரும் சந்தையைப் பறித்துக்கொண்டன. ஆயினும் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய அனுமதியும், ஐயத்தோடு நோக்கும் அதிகாரமும் எஞ்சியோரையும் சோர்வுறச் செய்தன என்பதில் ஐயமில்லை. 2019இல் புதிய பேரரசரின் தைஜோசாய்ச் சடங்குக்கு வேண்டிய அசாத் துணிக்கெனத் தொகுஷிமாவிற் பயிரிட அனுமதி கிடைத்தது. சடங்கு பிழைத்தது; பிழைப்பு அழிந்தது.

நோயாளரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கஞ்சாவினின்று செய்த மருந்தை வைத்தியர் கொடுப்பதையும் நோயாளி ஏற்பதையும் சட்டத்தின் 4ஆவது பிரிவு தடுத்தது. குழந்தைகளைப் பீடிக்கும் கொடிய வலிப்பு நோய்கள் இரண்டுக்கு, மயக்கந்தராத கன்னாபிடையோல் என்னும் சத்தினாலான மருந்தை 2018இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. யப்பானியத் தாய் அதனைப் பெற வழியிருக்கவில்லை. ஆனால் தண்டிலிருந்து எடுத்ததெனப் பத்திரங்காட்டி அதே சத்தை எண்ணெயாகவும் இனிப்பாகவும் 'நலவாழ்வுப் பண்டம்' என்ற பெயரில் இறக்குமதி செய்வதற்கு வணிகனுக்கு வழியிருந்தது! மருந்தாக வரும்போது குற்றம், மிட்டாயாக வரும்போது சரக்கு. இம்முரண்பாட்டை என்னென்பது?

தண்டின் வழியே திறந்த வாயிலிற் போலிகளும் புகுந்தன. 2023 நவம்பரில் தோக்கியோவிலே ஒரு விழாவில் வழங்கப்பட்ட மிட்டாயை உண்டோர் நோயுற்று வைத்தியசாலை சென்றனர். அதிலிருந்தது கஞ்சாச் சத்தைப்போல் இயற்றப்பட்ட ஒரு செயற்கைப் பொருள். அன்று சட்டத்தின் பட்டியலில் அது இல்லை. டிசம்பர் 2ஆந் திகதி அது தடைசெய்யப்பட்டது. ஒன்றைத் தடுத்தால் மூலக்கூறைச் சிறிது திரித்து மற்றொன்றை விற்பதே இவ்வணிகத்தின் வழக்கம். அவ்வாண்டிற் பொலிசார் கஞ்சாக் குற்றத்துக்காகப் பிடித்தோர் 6,482 பேர். அவருட் பெரும்பாலோர் முப்பது வயதுக்குட்பட்டோர்.

2023 டிசம்பரிற் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2024 டிசம்பர் 12ஆந் திகதி திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மருந்துக்கு இருந்த தடை நீங்கிற்று. செடியின் உறுப்பு நோக்காது, பண்டத்தில் எஞ்சும் ரி.எச்.சி.யின் அளவை நோக்கும் முறை வந்தது: எண்ணெயிலும் தூளிலும் கிலோவுக்கு 10 மில்லிகிராம், பானத்தில் 0.1 மில்லிகிராம், ஏனையவற்றில் 1 மில்லிகிராம். நாருக்கும் பண்டங்களுக்கும் பயிரிடுவோர்க்கு ஒருவகை அனுமதியும், மருந்துக்குப் பயிரிடுவோர்க்கு மற்றொருவகை அனுமதியும் 2025 மார்ச்சு முதல் ஏற்பட்டன. அதேவேளை, முன்னர் தண்டிக்கப்படாதிருந்த உபயோகமும் குற்றமாயிற்று, ஏழாண்டுவரை சிறை.

அளவு நோக்குதல் விஞ்ஞானத்துக்கு இசைந்ததே, அதனை வரவேற்கலாம். ஆனால் இத்துணை நுண்ணிய அளவை நிறுவ விலையுயர்ந்த பரிசோதனை வேண்டும். பெருங்கம்பனி அச்செலவைத் தாங்கும். சிறு வணிகன் தாங்கான். பண்டத்தை நம்பி வாங்கியவனோ தன் கையிலிருப்பது சரக்கா, குற்றப்பொருளா எனக் கண்ணாற் கண்டறிய முடியாது. தெரியாது என்பது அவனுக்குக் காவலாகுமா? பழக்கத்துக்கு அடிமையான இளைஞன் சிறைக்கு அஞ்சி வைத்தியரிடமும் செல்லாதொழிவானாயின், யாரைக் காக்க இச்சட்டம்?

கண்டிப்பு வேண்டாம் என்பது நமது வாதமன்று. போதைப்பொருளை விற்றுப் பொருள்சேர்ப்போர்க்கு இரக்கங்காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு சட்டத்தின் கண்டிப்பைச் சிறையாண்டுகளால் அளப்பதைவிட, அது நோயாளிக்கு மருந்தைக் கொண்டுசேர்த்ததா, உழுதவனை வயலில் நிறுத்திற்றா என்பனவற்றால் அளப்பதே முறையாகும். முக்கால் நூற்றாண்டாகச் செடியைக் காவல்செய்த யப்பானியச் சட்டம், மனிதரைக் காவல்செய்ய இப்பொழுதுதான் தொடங்கியுள்ளது.