டவருக்கு டவர் தாவும் அலை

செல்போன் டவரின் உச்சியில் நீளநீளமாக நிற்கும் பெட்டிகள்தான் நம் போனோடு பேசுபவை. அவற்றுக்குச் சற்றுக் கீழே, தவிலின் முகம்போல ஒரு வெள்ளை வட்டம் இருக்கும். அது எந்தப் போனோடும் பேசாது. எங்கோ தொலைவில் இன்னொரு டவரில் இருக்கும் இன்னொரு வட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பகுதியில் பேசியது, பார்த்தது, அனுப்பியது எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளி, கம்பெனியின் மைய வலைப்பின்னலுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. தொழிலில் இதை மைக்ரோவேவ் பேக்ஹால் என்பார்கள்.

இது செல்போனுக்காகப் பிறந்ததல்ல. 1931 மார்ச் 31 அன்று டோவருக்கும் கலேவுக்கும் இடையே, ஆங்கிலக் கால்வாயின் குறுக்கே, ஏறத்தாழ 18 செ.மீ. நீள அலையில் மனிதக் குரல் போய்வந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்த்ரே கிளாவியேயின் குழு செய்த சோதனை அது. அனுப்பிய சக்தி அரை வாட். இன்றைய டார்ச் லைட் பல்பு இதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். அலை சிறியதாக இருந்ததால், சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள குழியாடியே அதைச் சிதறவிடாமல் ஒரே கற்றையாக்கப் போதுமானதாக இருந்தது. என்னைக் கேட்டால், பேக்ஹாலின் பிறந்தநாள் அதுதான்.

பிறகு போர் வந்தது; ரேடாருக்காக இந்த அலைகளை உண்டாக்கும் கருவிகள் மளமளவென்று வளர்ந்தன. 1947-இல் நியூயார்க்கையும் பாஸ்டனையும் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் மைக்ரோவேவில் இணைத்தது. 1951-இல் அந்தத் தொடர் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரையை எட்டியது. மைக்ரோவேவ் பூமியின் வளைவைத் தாண்டி வளைந்து போகாது. அதனால் சுமார் 50 கி.மீ.க்கு ஒரு கோபுரம் நட்டு, ஒவ்வொன்றிலும் அலையை வாங்கி, வலுவூட்டி, அடுத்ததற்கு அனுப்பினார்கள்.

1990-களில் செல்போன் பரவியபோது, ஒவ்வொரு டவருக்கும் பள்ளம் தோண்டிக் கேபிள் போட அவகாசமில்லை. ஆகவே இந்தப் பழைய வித்தை கைகொடுத்தது. வெறும் பேச்சுக்கு நொடிக்கு 2 மெகாபிட் உள்ள ஓர் இணைப்பே தாராளம். வீடியோ வந்ததும் அது திணறியது. அகலமான பாதை வேண்டுமென்றால் நெரிசலில்லாத உயர்ந்த அலைவரிசைக்கு ஏற வேண்டும்; ஏறினால் மழை வழிமறிக்கும். 70, 80 கிகாஹெர்ட்ஸ் பகுதியான ஈ-பேண்டில் நொடிக்கு 10 கிகாபிட் அனுப்பலாம், ஆனால் நம்பகமான தொலைவு சில கிலோமீட்டர்தான்.

இந்த மில்லிமீட்டர் அலைகளைப் புது வரவு என்று பேசும்போதெல்லாம் எனக்கு ஜகதீஷ் சந்திர போஸ் நினைவுக்கு வருவார். 1890-களிலேயே கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில், 5 மி.மீ. அளவுக்குச் சிறிய அலைகளை அவர் உண்டாக்கிக் காட்டிவிட்டார். முறுக்கிய சணல் நாரைக் குறுக்கே வைத்து, அலையின் அதிர்வுத் தளம் திரும்புவதையும் சோதித்தார். அந்தக் கருவிகளுக்கு அப்போது சுமக்கச் சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

இன்று மழைக்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒரே டிஷ்ஷில் ஈ-பேண்டையும் தாழ்ந்த ஓர் அலைவரிசையையும் சேர்த்துப் பொருத்துகிறார்கள். வானம் வெளுத்திருக்கும் வரை இரண்டும் சேர்ந்து ஓடும். கனமழை பிடித்தால் மேலது அறுந்துபோகும். குரல் அழைப்பும் அவசரத் தகவலும் தாழ்ந்ததில் நிற்காமல் போகும், வீடியோ காத்திருக்கும்.