இதயத்தின் இடைச்சுவரும் இப்னு நஃபீஸும்

அரியலூரில் 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அத்தகைய கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் பயிலும் உடற்கூற்றுப் பாடங்களுள் இதயச் சுவரும் ஒன்று. உட்படலம், தசைப்படலம், வெளிப்படலம் என அச்சுவர் மூன்று அடுக்குகளாலானது. நடுவிலுள்ள தசையே சுருங்கி இரத்தத்தை உந்துகிறது. அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் இரத்தம் அனுப்பும் வலக் கீழறையின் சுவர் மெல்லியது. உடல் முழுமைக்கும் அனுப்பும் இடக் கீழறையின் சுவரோ ஏறத்தாழ மும்மடங்கு தடித்தது. இவ்விரு அறைகளையும் பிரித்து நிற்பது இடைச்சுவர். அதன் வரலாறு நாம் அறிய வேண்டியதாகும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ் எனும் கேலன், இடைச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உண்டென்றும், அவற்றின் வழியே இரத்தம் வலப்புறமிருந்து இடப்புறம் கசிகிறதென்றும் கருதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அதனை ஏற்றிருந்தது.

டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய இப்னு நஃபீஸ், ஷாஃபிஈ சட்ட அறிஞராகவும் விளங்கியவர். 1242இல் இப்னு சீனாவின் 'அல்கானூன்' நூலினது உடற்கூற்றுப் பகுதிகளுக்கு அவர் விரிவுரை வரைந்தார். அதில், இடைச்சுவர் கெட்டியானது, புலப்படும் வழியோ புலப்படாத துளையோ அதில் இல்லை என மறுத்துரைத்தார். வலக் கீழறையின் இரத்தம் நுரையீரலை அடைந்து, காற்றுடன் கலந்து, இடப்புறம் சேர்கிறது என்றார். இதயம் தன் சதையினுள் ஓடும் நாளங்களாலேயே ஊட்டம் பெறுகிறது என்றும் எழுதினார். மூலநூலைப் போற்றி விளக்கிய கரமே அதன் பிழையையும் திருத்திற்று.

சில குழந்தைகள் இடைச்சுவரில் துளையுடன் பிறக்கின்றன. அத்துளை வழியே இரத்தம் பெரும்பாலும் இடமிருந்து வலமாகவே பாய்கிறது. உயிர் வாழ இன்றியமையாததென முன்னோர் எண்ணிய துளை, உண்மையில் ஒரு குறைபாடே.

ஐரோப்பாவில் நுரையீரல் வழி ஓட்டத்தை 1553இல் செர்வெட்டஸும் 1559இல் கொலம்போவும் எழுதினர். உடல் முழுதும் இரத்தம் சுற்றிவருவதை 1628இல் ஹார்வி நிறுவினார். அப்பெருமை அவருக்கே உரியது. நமது பெருமிதம் அதனை மறைத்தலாகாது. எனினும் இப்னு நஃபீஸின் முதன்மையை நவீன உலகம் அறிந்தது 1924இல்தான். எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் படியைப் படித்த பின்னரே.

ஏடு அழியாமல் இருந்தது. படிப்பார் இன்மையால் அறிவு உறங்கியது. முன்னோர் நூல்களைப் பேணுவதோடு நம் கடமை முடிவதில்லை. அவற்றைப் படிக்கவும், இப்னு நஃபீஸைப் போல் ஆய்ந்து கேட்கவும் நாம் துணிய வேண்டும்.