ஆவாரம்பட்டைக்கு விலை இருந்த காலம்

பணி ஓய்வுக்குப் பிறகு தினமும் காலையில் திண்டுக்கல்லுக்கு வெளியே சாலையோரமாக நடந்துவருகிறேன். செம்மண் மேட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் அப்பத்தாவின் கைகள்தான் நினைவுக்கு வரும்.

ஆவாரை சுமார் ஆள் உயரம் வளரும் குற்றுச்செடி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மழை குறைந்த பகுதிகள்தான் அதன் சொந்த மண். சரளைக் காட்டிலும் பிழைத்துக்கொள்ளும். இலைக்காம்பின் அடியில் காது மடல் போல இரண்டு செதில்கள் இருக்கும். 1753-இல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயரிலுள்ள 'ஆரிகுலேட்டா' என்ற சொல்லுக்குக் 'காதுள்ளது' என்றே பொருள். நமக்கோ இது அதைவிடப் பழைய உறவு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களில் ஆவிரையும் ஒன்று.

ஆனால் எங்கள் வீட்டில் பூவைவிடப் பட்டைக்குத்தான் மதிப்பு. அதில் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புச் சத்து உண்டு. மழை பொய்த்து வயல் வேலை இல்லாத நாட்களில் அப்பத்தா காட்டுக்குப் போய்க் குச்சி வெட்டிவருவார். அதைக் கல்லில் தட்டிப் பட்டையை உரித்து, காயவைத்து, கட்டாகக் கட்டித் தோல் ஷாப்புக்கு எடைக்குப் போடுவார். விரல்களில் கறை ஏறி, கழுவினாலும் போகாது. "பஞ்சத்துல கஞ்சி ஊத்துனது இந்தச் செடிதாம்பா" என்பார்.

சென்னை மாகாணத்திலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய தோல்களில் பெரும்பகுதி இந்தப் பட்டையில் பதமானதுதான். வெயில் பட்டால் அந்தத் தோல் சிவந்துவிடும் என்பதால், கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைப்பார்கள்.

பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. ஆவாரையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு துவர்ப்புச் சத்து அதில் உண்டு. முதலாளிகள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. அங்கே இந்தியர்களுக்கு எதிரான சட்டங்களைக் கண்டித்து 1946-இல் இந்தியா அந்நாட்டுடன் வணிகத்தை முறித்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பின், வாட்டிலை நாமே வளர்ப்போம் என்று நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் ஏராளமாக நட்டார்கள். நீலகிரிக்காரர்கள் அதைச் சீகை மரம் என்பார்கள். அது சோலைக்காட்டு ஓரங்களிலும் பரவி, புல்வெளியை விழுங்கிவிட்டது. நட்ட வனத்துறையே இன்று அதை அகற்றப் பாடுபடுகிறது.

மலையைக் கெடுக்காமல், கீழே தரிசில் தானாக வளர்ந்த செடியை நாம் மறந்துவிட்டோம். அதோடு, பஞ்ச காலத்தில் ஏழைப் பெண்கள் கையில் புழங்கிய சில்லறையும் போனது.

அப்பத்தாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு சாண் கட்டையை விட்டுத்தான் வெட்டுவார். மழை பெய்ததும் அதிலிருந்து துளிர்த்துவிடும். அவர் வெட்டிய செடியையே சில வருஷம் கழித்து மறுபடி வெட்டியிருக்கிறார்.

போன மாதம் நான் நடக்கும் வழியில் மனை பிரிக்க ஜேசிபி வந்தது. நான் போய்ப் பார்த்தபோது செடிகள் வேரோடு குவிந்து கிடந்தன. ஒரு கிளையில் மட்டும் இன்னும் பூ வாடாமல் இருந்தது. வீட்டுக்கு எடுத்துவந்து அப்பத்தா படத்துக்கு வைத்தேன்.