தோல் தடிப்பும் குருதிச் சோதனையும்: செங்கல்பட்டு வட்டாரத்தில் மறைநிலைக் காசநோய் கண்டறிதலின் வரலாறு

காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்தும் நோயாக வெளிப்படாமல் பல்லாண்டுகள் அடங்கிக் கிடக்கும் நிலையே மறைநிலைக் காசநோய் எனப்படுகிறது. இந்நிலையில் உள்ளவருக்கு இருமலோ காய்ச்சலோ இராது. அவரிடமிருந்து பிறருக்கு நோய் தொற்றுவதும் இல்லை. கிருமியை நேரே காண வழியில்லாமையால், அதை ஏற்கெனவே சந்தித்த நோயெதிர்ப்பு அணுக்கள் காட்டும் வினையைக் கொண்டே தொற்றை உய்த்துணர வேண்டியுள்ளது. இந்த மறைமுகச் சான்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் கேள்வி பெரிய அளவில் ஆராயப்பட்ட களங்களுள், இன்றைய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையைத் தன்னுள் கொண்டிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் முதன்மையான ஒன்று.

இச்சோதனையின் தொடக்கம் ஒரு தோல்வியுற்ற மருந்தில் இருக்கிறது. 1890இல் ராபர்ட் கோக் காசநோய்க்கு மருந்தென அறிவித்த டியூபர்குலின் எனும் கிருமிச்சாறு நோயைக் குணப்படுத்தவில்லை. ஆயினும் தொற்றுக்கு ஆளானவர் உடலில் அது தனித்த வினையைத் தூண்டுவது தெரியவந்ததால், 1907இல் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே அதைத் தோல் சோதனையாக மாற்றினார். மறுஆண்டு சார்ல் மாந்து வகுத்த முறையே இன்றும் 'மாண்டு' என்ற பெயரில் வழங்குகிறது. முன்கையின் உட்புறத் தோலுக்குள் 0.1 மில்லிலிட்டர் டியூபர்குலின் செலுத்தப்பட்டு, 48 முதல் 72 மணி நேரத்திற்குள் அவ்விடத்தின் தடிப்பு அளவுகோலால் அளக்கப்படுகிறது. சிவப்பைக் கணக்கில் கொள்ளாமல், விரலால் தடவி உணரும் தடிப்பின் விளிம்பை மட்டுமே அளக்க வேண்டும் என்பதால், அளப்பவரின் பயிற்சியே முடிவின் நம்பகத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

1968ஆம் ஆண்டு அம்மாவட்டத்தின் திருவள்ளூரைச் சுற்றிய சிற்றூர்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் முதலியவற்றின் ஆதரவில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கியதாகும். தடுப்பூசி பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து காக்கவில்லை என்ற அதன் முடிவே உலகெங்கும் பேசப்பட்டது. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்புக்குப் பின் 1999இல் வெளிவந்த அறிக்கையும் அதையே உறுதிசெய்தது. ஆனால் மறைநிலைத் தொற்றைப் பற்றிய வரலாற்றில், அதே ஆய்வின் தோல் சோதனைப் பதிவுகளுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலினோடு, அதன் உறவினமான சுற்றுச்சூழல் கிருமி ஒன்றின் சாறும் அம்மக்களுக்குச் செலுத்தப்பட்டபோது, இரண்டாவதற்கும் மிகப் பெரும்பாலோர் வினை காட்டினர். மண்ணிலும் நீரிலும் வாழும் தீங்கற்ற கிருமிகளும் அதே வகைத் தடிப்பை உண்டாக்கும் என்பதும், எனவே சிறு தடிப்பைக் கண்ட மாத்திரத்தில் காசநோய்த் தொற்று என்று முடிவு கட்டலாகாது என்பதும் இங்கே ஐயத்துக்கிடமின்றிப் புலப்பட்டன. பி.சி.ஜி. தடுப்பூசியும் இத்தடிப்பைத் தூண்டக்கூடியதாகையால், பிறந்தவுடன் அது போடப்படும் நாட்டில் இக்குழப்பம் மேலும் ஒரு படி கூடுகிறது.

இச்சிக்கலுக்கான தீர்வு 1990களில் மரபணு ஆய்வின் வழியே வந்தது. காசநோய்க் கிருமியில் உள்ளதும் பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியில் இழக்கப்பட்டுவிட்டதுமான மரபணுப் பகுதி ஒன்று அடையாளம் காணப்பட்டது. அப்பகுதி உருவாக்கும் இசாட்-6, சிஎஃப்பி-10 என்னும் இரு புரதங்கள் பெரும்பாலான சுற்றுச்சூழல் கிருமிகளிலும் இல்லை. இப்புரதங்களோடு ஒருவரின் குருதியை ஓரிரவு வெதுவெதுப்பில் வைத்தால், கிருமியை முன்பே அறிந்த டி நோயெதிர்ப்பு அணுக்கள் இன்டர்ஃபெரான்-காமா என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அதன் அளவே தொற்றின் குறியாகக் கொள்ளப்படுகிறது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த 2019–2021 தேசிய ஆய்வு, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியருள் 31.4 விழுக்காட்டினருக்குத் தொற்று உள்ளதை இவ்வகைச் சோதனையால்தான் கண்டது. ஆய்வகமும் செலவும் தடையாகும் இடங்களுக்காக, அதே புரதங்களைத் தோலில் செலுத்தும் சை-டிபி என்ற சோதனை டென்மார்க்கில் உருவாக்கப்பட, 2022இல் உலக சுகாதார நிறுவனம் இவ்வகைத் தோல் சோதனைகளை ஏற்றுப் பரிந்துரைத்தது.

எனினும் இவற்றுள் எந்தச் சோதனையும் மறைநிலைத் தொற்றையும் முற்றிய நோயையும் பிரித்துக் காட்டுவதில்லை; தொற்றுள்ளவர்களுள் வாழ்நாளில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினரே நோயாளியாகின்றனர், அவர் யார் என்பதையும் இவை சொல்வதில்லை. ஆகவேதான் அறிகுறி விசாரணையும் மார்பு எக்ஸ்ரேயும் நோயில்லை என்று காட்டிய பின்னரே தடுப்பு சிகிச்சை தொடங்கப்படுகிறது. அது ஆறு மாதம் நாள்தோறும் ஐசோனியாசிட் உண்பதாகவோ, அதனோடு ரிஃபாபென்டின் சேர்த்து வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரம் உண்பதாகவோ அமையலாம். முன்பு சிறு குழந்தைகளையும் எச்.ஐ.வி. தொற்றுள்ளோரையுமே பெரிதும் கருதிய இந்தச் சிகிச்சையை, 2021ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் நோயாளியின் வீட்டுத் தொடர்பினர் அனைவருக்கும் விரித்தது.

'வீட்டுத் தொடர்பினர்' என்பதைத் தொழிற்பட்டையில் எப்படிப் பொருள்கொள்வது என்பதே இன்று முன்னிற்கும் கேள்வி. 2024 ஆகஸ்டில் அப்பட்டையின் வல்லம்–வடகாலில் திறக்கப்பட்ட, தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட்டின் பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 படுக்கைகள் உள்ளன. ஓர் அறைக்கு அறுவர். நோயாளியோடு அடைபட்ட ஒரே வாழிடத்தில் சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதங்களில் ஓரிரவேனும் தங்கியவர் வீட்டுத் தொடர்பினர் என உலக சுகாதார நிறுவனம் வரையறுப்பதால், இத்தகைய எந்த விடுதியிலும் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானால் அறையிலுள்ள மற்ற ஐவரும் அவ்வரையறைக்குள் வருகின்றனர். உறவுமுறை இல்லை என்பதைக் காட்டி அவர்களை விட்டுவிட இடமில்லை. தோல் சோதனையின் தடிப்பை அளக்க இரண்டு, மூன்று நாள் கழித்து மீண்டும் வரவேண்டியிருப்பதால், ஷிப்டு முறையில் உழைப்பவருக்கு அளக்கும் செவிலியர் விடுதிக்கே செல்வது இன்றியமையாதது. இல்லையேல் சோதனை பாதியில் நின்றுவிடும். தொற்று மட்டும் உள்ளவர் யாருக்கும் நோயைப் பரப்புவதில்லையாகையால், அச்சோதனை முடிவை வேலைக்கு எடுக்கவோ நிறுத்தவோ காரணமாக்குவதற்கு மருத்துவ அடிப்படை ஏதும் இல்லை.