சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம்

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் யார் எந்த நாட்டின் குடிமக்கள் என்பதைத் தீர்மானிக்க, 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாடு இது. போரோ கலவரமோ விரட்டியடிக்காமல், இரு அரசுகள் பேசி முடிவுசெய்து, லட்சக்கணக்கானவர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் குடிபெயர்த்த ஏற்பாடு என்பதால் ஆசிய வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாட்டின் நீலகிரி, கேரளத்தின் புனலூர், கவி, கர்நாடகத்தின் சுள்ளியா, நிக்கோபாரின் கச்சால் தீவு என இன்று சிதறிக் கிடக்கும் 'சிலோன்காரர்' குடியிருப்புகள் பலவும் இந்த ஒப்பந்தத்தால் உருவானவை.

பின்னணி

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன சில ஆண்டுகளிலேயே மலைக்காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் வட்டாரங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுபோனார்கள். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்ததும் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காப்பிக்கு ஆள் பருவத்தில் மட்டும் தேவை. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் தேவை. வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு லயன் காம்பிரா எனப்படும் வரிசை வீடுகளில் தங்கிவிட்டதற்கு இதுவே காரணம். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தியா என்பது பாட்டி சொன்ன ஊர்ப்பெயர் மட்டுமே.

1947 பொதுத் தேர்தலில் இவர்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. சுதந்திரம் பெற்ற இலங்கையின் முதல் அரசு இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டன் முப்பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத தலைமுறையிடம் கேட்கப்பட்ட ஆதாரம் அது. அந்தச் சட்டம் 1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம், ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்று தன் 15ஆம் பிரிவில் அறிவித்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது.

அதே 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. இலங்கை ஏற்காதவர்கள் எல்லாரும் தானாகவே இந்தியராகிவிட மாட்டார்கள், விரும்பிக் கேட்போரையே இந்தியா ஏற்கும் என்பது இந்தியப் பிரதமர் நேருவின் நிலை. 1954இல் அவரும் இலங்கைப் பிரதமர் ஜான் கொத்தலாவலையும் செய்த உடன்பாடு இந்த இடத்திலேயே முட்டி நின்றுபோனது.

உடன்பாட்டின் கூறுகள்

குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று இரு அரசுகளும் மதிப்பிட்டன. இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும். இடையில் பிறக்கும் குழந்தைகள் அந்தந்தக் கணக்கில் சேருவார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பேசப்படும். அந்தப் பேச்சு 1974 ஜனவரியில் இந்திரா காந்தி – சிறிமாவோ சந்திப்பில் முடிந்தது: ஆளுக்குப் பாதியாக 75,000. 1964 உடன்பாட்டின்படி எல்லாம் 15 ஆண்டுகளில், சீராகப் பிரித்து, நடந்தேற வேண்டும். இந்தியாவுக்கு 7 பேர் போனால் இலங்கையில் 4 பேருக்குக் குடியுரிமை என்ற விகிதம் 5,25,000க்கு 3,00,000 என்ற கணக்கிலிருந்து வந்தது.

பொருளாதாரக் கூறுகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். வேலையில் இருப்பவர், புறப்பட வேண்டிய முறை வரும்வரை அல்லது 55 வயது நிறையும்வரை வேலையில் தொடரலாம். போகிறவர்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் சொத்தைக் கொண்டுபோகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாய்க்குக் கீழே இலங்கை அரசு குறைக்காது. தோட்டத் தொழிலாளியின் உழைப்புச் சேமிப்பு எல்லை தாண்டியும் அவருடையதே என்பதை 1964லேயே எழுத்தில் வைத்தது இந்த ஒப்பந்தத்தின் பெருமை என்றே சொல்ல வேண்டும்.

அதன் பெருங்குறையும் தெளிவானது. தொழிலாளர் சங்கங்கள் எதுவும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இல்லை. எண்ணிக்கை முதலில் முடிவாயிற்று. மனிதர்களின் விருப்பம் அதற்குப் பிறகு கேட்கப்பட்டது. விண்ணப்பங்கள் பெறப்பட்டபோது, இந்தியா போக விரும்பியவர்கள் இலக்குக்குக் குறைவாகவும், இலங்கையிலேயே இருக்க விரும்பியவர்கள் ஒதுக்கீட்டைவிட மிக அதிகமாகவும் இருந்தார்கள்.

பயணம்

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள், 1964 டிசம்பர் 22–23 இரவில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதுவரை இலங்கையின் தலைமன்னாரிலிருந்து கப்பல் வந்து சேர்ந்த துறை அது. பிறகு இராமேசுவரமே இறங்குதுறையானது. மண்டபம் இடைத்தங்கல் முகாமானது.

இலங்கை நாடாளுமன்றம் ஒப்பந்தத்துக்கான நடைமுறைச் சட்டத்தை 1967இல்தான் இயற்றியது. 1970களின் தொடக்கத்தில் புறப்பாடு வேகமெடுத்தது. தோட்டங்கள் அரசுடைமையானதும், 1973–74 பஞ்சத்தில் மாவும் அரிசியும் கிடைக்காமல் மலையகத்தில் பட்டினிச் சாவுகள் நேர்ந்ததும், 1977 வன்செயல்களும் தயங்கியவர்களையும் தள்ளின. கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தில் பாஸ்போர்ட் எடுத்து, சேமலாப நிதிக்கு அலைந்து, தட்டுமுட்டுச் சாமான்களைத் தகரப் பெட்டியில் அடைத்து ரயிலேறினார்கள். நிலையத்தில் விட்டுப் பிரிகிறவர்களின் அழுகையால் தலைமன்னார் ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது. மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதிக்கும் அந்தப் பெயரையே வைத்தார்.

அழுகைக்குக் காரணம் ஒப்பந்தத்தின் கணக்கிலேயே இருந்தது. விண்ணப்பம் குடும்பமாகக் கொடுக்கப்பட்டது. முடிவு வர ஆண்டுகள் பல ஆயின. அதற்குள் மகள் வேறு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, மாப்பிள்ளை வீடு இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருக்கும். தாய் தகப்பன் கப்பலேற, மகள் மலையில் நின்றுவிடுவாள். அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன் என்று ஆன வீடுகள் மலையகத்தில் ஏராளம்.

1964, 1974 ஒப்பந்தங்களின் காலம் 1981 அக்டோபரில் முடிந்தது. உள்நாட்டுப் போர் மூண்டு 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றபோது, இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இலங்கையில் தங்கிப்போனார்கள். மொத்தத்தில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியா வந்து சேர்ந்தார்கள்.

மறுவாழ்வு

அரசு ஏடுகளில் இவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. கையில் இருந்த குடும்ப அட்டைதான் எல்லாவற்றுக்கும் சாவி: குடும்பத் தலைவர் யார், உடன் வந்தவர் யார், எந்த மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள் என்பது அதில் இருக்கும். பெரும்பாலோருக்கு விதிக்கப்பட்டது சிறுதொழில் கடன். கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து வெட்டுவதும் தவிர வேறு தொழில் அறியாதவரிடம், அறிமுகமில்லாத ஊரில் பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கச் சொன்ன திட்டம் அது. கடன் தொகை கரைந்ததும் அவர்கள் தாமாகவே மலையைத் தேடிப் போனார்கள். நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் அவர்கள் திரண்டது இப்படித்தான். பர்மாவிலிருந்து திரும்பியோருக்கும் இவர்களுக்கும் சேர்த்து, மறுவாழ்வுக்கெனவே 1969இல் தொடங்கிய ரெப்கோ வங்கி இன்றும் இயங்குகிறது.

தோட்ட வேலை கிடைத்தவர்கள் ஓரளவு கொடுத்துவைத்தவர்கள். தமிழ்நாடு வனத்துறை 1968இல் தொடங்கி, பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனமான தேயிலைத் திட்டம் கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, வால்பாறைப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலையும் வீடும் தந்தது. ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது. நட்டத்தைக் காரணம் காட்டி 2022இல் டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கத் தமிழக அரசு முடிவெடுத்தபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் எங்கே போவது என்ற கேள்வி மறுபடியும் எழுந்தது.

கேரளத்தில்

கொல்லம் மாவட்டம் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு, மத்திய அரசும் கேரள அரசும் கூட்டாக 1976இல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தை அமைத்தன. குளத்தூப்புழை, ஆயிரநல்லூர் ஆகிய இரு ரப்பர்த் தோட்டங்கள் அதன் உடைமை. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள் அங்கே பால்வெட்டுக் கத்தி பிடிக்கப் பழகின.

கவி இன்னும் உள்ளடங்கிய இடம். பத்தனம்திட்டா மாவட்டத்தைச் சேர்ந்ததானாலும், அங்கே போக இடுக்கியின் வண்டிப்பெரியாறிலிருந்து வள்ளக்கடவு சோதனைச்சாவடி வழியாகப் பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுப்பாதையே நெருக்கமான வழி. கேரள வன வளர்ச்சிக் கழகம் தன் ஏலத்தோட்டங்களில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களைக் குடியமர்த்தியது. 2012இல் வெளிவந்த 'ஆர்டினரி' என்ற மலையாளப் படம் கவியைச் சுற்றுலா ஊராக்கியது; ஏலக்காய் எடுத்தவர்களின் பிள்ளைகள் சிலர் இன்று பயணிகளுக்கு வழிகாட்டிகள். பார்க்க வருகிறவர்களுக்குக் காடும் மூடுபனியும் தெரிகிற அளவுக்கு, அந்தக் குடியிருப்புகளில் யாருக்கும் சொந்தமாக நிலப்பட்டா இல்லை என்பது தெரிவதில்லை. வேலை ஓய்ந்தால் குவார்ட்டர்ஸையும் காலிசெய்ய வேண்டும். சாதிச் சான்றிதழும் ஒரு சிக்கல்: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பிறகு வேறு மாநிலத்திலிருந்து கேரளத்தில் குடியேறிய பட்டியல் சாதியினருக்கு அங்கே அந்தத் தகுதி கிடைப்பதில்லை.

இதே மலைத்தொடரில் இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரை இன்னொரு வகைக் குடிபெயர்வுக்குச் சான்று. குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடைப்பட்ட இந்த ஏலக்காய் வட்டாரத்துக்குத் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பெண்கள் விடியுமுன் ஜீப்பேறி, கம்பம்மெட்டு மலைப்பாதையில் வந்து, காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் எடுக்கும் காய் பக்கத்துப் புற்றடியிலும் எல்லைக்கு அப்பால் போடிநாயக்கனூரிலும் ஏலம் போகிறது. பாஸ்போர்ட் கேட்காத எல்லைதான். ஆனால் 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றியபோது, தமிழ்த் தொழிலாளர்கள் ஏலத்தோட்டங்களை விட்டுக் காட்டுவழியே தேனிப் பக்கம் இறங்கி ஓட நேர்ந்தது. ஒரே நாட்டுக்குள்ளேயே, இரு மாநில அரசுகளின் உறவு கெட்டால் முதல் அடி கூலிக்காரர் மேல் விழுகிறது.

மதிப்பீடு

2018 டிசம்பரில் மராக்கேஷில் ஏற்கப்பட்ட ஐ.நா.வின் உலகளாவிய குடிபெயர்வு உடன்பாடு 23 குறிக்கோள்களைக் கொண்டது. எல்லாருக்கும் சட்டபூர்வ அடையாள ஆவணம், ஈட்டிய சமூகப் பாதுகாப்புப் பயன்களை நாடு விட்டு நாடு எடுத்துச்செல்லும் உரிமை, மதிப்போடு திரும்புதலும் நிலைத்த மறுவாழ்வும் ஆகியவை அவற்றில் மூன்று. இந்த அளவுகோலை 1964 ஒப்பந்தத்தின் மேல் வைத்தால், முதல் இரண்டிலும் அது தன் காலத்துக்கு முந்தி நிற்கிறது. மூன்றாவதில் தவறிவிட்டது. அனுப்புவதற்கு இரு அரசுகளும் கால அட்டவணை போட்டன. வந்து சேர்ந்தவர் காலூன்ற நிலமும் வீடும் யார் தருவது என்பதை ஒப்பந்தம் தொடவே இல்லை. இன்றைய கூடலூர், கவிப் பட்டாக் கோரிக்கைகளின் வேர் அந்த விடுபடலில் இருக்கிறது.

எஞ்சியவர்கள்

இலங்கையில் மிஞ்சிய நாடற்றோர் பிரச்சினையை 1986, 1988 சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் தீர்த்தன. கடைசிச் சட்டம் நிறைவேறியபின், ஐ.நா. அகதிகள் அமைப்பின் துணையுடன் தோட்டம் தோட்டமாக முகாம் அமைத்து, சில நாட்களுக்குள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேருக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது. அரை நூற்றாண்டாகக் கடினம் என்று சொல்லப்பட்டுவந்த வேலை அது.

இந்தியாவில் நாடற்றோர் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்த அகதிகளில் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களும் இருந்தார்கள். ஒப்பந்தப்படி முன்பே விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. அகதியாக வந்ததால் அவர்கள் தாயகம் திரும்பியோர் கணக்கில் சேரவில்லை. விசா இல்லாமல் வந்ததால் சட்டவிரோதக் குடியேறிகள் ஆனார்கள். திருச்சி கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களில் வாழும் இவர்கள் தொடுத்த வழக்கில், 2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவர்களின் குடியுரிமைக் கோரிக்கையை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே குறிப்பிட்டது. இலங்கை அதில் இடம்பெறவில்லை. நாடற்றோர் பற்றிய 1954, 1961 ஐ.நா. உடன்படிக்கைகளில் இந்தியாவும் இலங்கையும் இன்னும் சேரவில்லை.